நகத்துக்கு வெளியே ஒரு பிரபு

அத்தியாயம் ஐந்து

"ஃபுல்கோ, உன் வலது கையை இந்தப் பெரியவருக்குக் கொஞ்சம் இரவல் கொடு" என்றார் ஹெர்சிந்தா அம்மணி.

"திரும்பி வருமா அம்மணி? வேலை செய்யுற கை எனக்கு அது ஒண்ணுதான். இடது சோம்பேறி."

"நடுவிரல் முழுசா இருக்கா?"

"காலையில ரொட்டி பிய்க்கும்போது இருந்துச்சு."

"அப்போ கொடு."

கொடுத்தேன். எதிரே உட்கார்ந்து வெங்காயத்தாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த குந்தோ, என் கையைச் சந்தையில் விலை கேட்கும் மாடு போலப் புரட்டிப் பார்த்தார்.

ரெய்னர் பிரபுவின் வீட்டு வம்சாவளியை விருந்துதோறும் பாடுகிறவர் குந்தோ. நாற்பது வருடமாக அதுதான் பிழைப்பு. நேற்று மாலை ஆயர் முன்னால் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து அதே வம்சாவளியைச் சத்தியமாகச் சொன்னார். அந்தச் சத்தியம்தான் இப்போது ஒரு பெண்ணின் கழுத்துக்குச் சுருக்காக நின்றது.

பெண்ணின் பெயர் கிஸ்லா. பிரபுவின் மனைவி. இன்று நண்பகல் மணி அடித்ததும் ஆயர் தீர்ப்புச் சொல்வார். அது பிரபு பக்கம் சாய்ந்தால் கிஸ்லா மனைவியே இல்லை. இரண்டு வயது லாம்பர்ட் வாரிசும் இல்லை. அம்மாவுக்கு ஆற்றுத்தீவு மடத்தில் ஓர் அறை, பிள்ளைக்கு 'முறை தவறிப் பிறந்தவன்' என்ற பட்டம், இருவருக்கும் நடுவில் மோசெல் ஆறு.

ஐந்து வருடத்துக்கு முன் கல்யாணத்தன்று, இருவருக்கும் செந்தாடி ஆன்சோ என்ற ஒரே மூதாதை என்பது யார் கண்ணையும் உறுத்தவில்லை. கிஸ்லா கொண்டுவந்த நாற்பது குதிரைகள் அவரை மறைத்துக்கொண்டு நின்றன. போன வருடம் மாகியர் குதிரைப்படை வந்து கிஸ்லாவின் அப்பா வீட்டை எரித்துவிட்டுப் போனது. இந்த வருடம் ரிச்சில்டா என்ற விதவை மூன்று உப்புக் கிணறுகளோடு பக்கத்து ஊரில் குடியேறினாள். அன்றிலிருந்து பிரபுவுக்குத் தூக்கம் இல்லை. ஐயோ, சொந்தத்திலேயே கட்டிவிட்டேனே, என் ஆத்துமா என்ன ஆகும் என்று ஆயருக்கு ஓலை அனுப்பிவிட்டார்.

எங்கள் பக்கம் உறவை உடம்பில்தான் எண்ணுவோம். மூதாதை தலை. அவர் பிள்ளை தோள், பேரன் முழங்கை, அடுத்தவன் மணிக்கட்டு. பிறகு நடுவிரலின் மூன்று கணுக்கள். கடைசியாக நகம். தலையை விட்டு மொத்தம் ஏழு. இரண்டு பேருமே நகத்துக்குள் இருந்தால் சொந்தம், கல்யாணம் செல்லாது. ஒருவர் நகத்தைத் தாண்டிவிட்டாலும் போதும், அந்நியர். தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம்.

கிஸ்லா ஆறாவது. அதில் தகராறு இல்லை. ரெய்னர் ஏழாவது என்பது குந்தோவின் சத்தியம். அதாவது பிரபு நகத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"நேத்துதானேம்மா சொன்னேன்? மறுபடியும் எதுக்கு?" என்றார் குந்தோ.

"நேத்து பக்கத்துல உட்கார்ந்திருந்த பாதிரியார் குறட்டையில பாதி காதுல விழலை. இவன் கையில ஒரு தடவை சொல்லுங்க. நீங்க சொல்ற அழகே தனி."

புகழ்ச்சி என்றால் குந்தோவுக்குக் கஞ்சியும் ஆறலாம். கண்ணை மூடிக்கொண்டார். என் தலையில் ஓங்கி ஒரு தட்டு.

"தலை, செந்தாடி ஆன்சோ!"

"மெதுவா பெரியவரே, உள்ள ஆள் இருக்கு."

தோளில் அடுத்த அடி. "பாலம் கட்டிய மிலோ!" முழங்கை. "சாக்சன்காரன் பல்லை உடைத்த எவ்ரார்ட்!" மணிக்கட்டு. "குதிரையிலிருந்து இரண்டு முறை விழுந்து ஒரு முறை செத்த லாண்டோ!" விரலின் முதல் கணு. "கல்சரிவில் திராட்சை நட்ட ராட்போல்ட்!" இரண்டாவது கணு. "சக்கரவர்த்தியின் விருந்தில் மீன்முள் விழுங்கிய ஓட்கர்!" மூன்றாவது. "மூன்று மனைவிகளைச் சமாளித்த பெரென்கர்!" கடைசியாக என் நகத்தை நறுக்கென்று கிள்ளினார். "பிரபுவின் தந்தை, அகன்ற மார்பு அர்னுல்ஃப்!"

கண்ணைத் திறந்தார். தான் கிள்ளிக்கொண்டிருந்த நகத்தைப் பார்த்தார். அதில் ஏதோ பூச்சி உட்கார்ந்திருப்பது போலச் சட்டென்று கையை எடுத்தார்.

"ஏழு" என்றார் அம்மணி. "அப்போ பிரபு எட்டு. நேத்து ஆறு பேர்தானே சொன்னீங்க?"

குந்தோ தன் வலது கையை மேலங்கிக்குள் ஒளித்தார். தாமதம். நானும் பார்த்துவிட்டேன். அவருடைய நடுவிரல் மூன்றாவது கணுவோடு முடிந்திருந்தது. மேலே நகம் இல்லை. விரலே இல்லை.

"நேத்து எல்லாரும் உங்க வாயைப் பார்த்தாங்க. நான் கையைப் பார்த்தேன். ஆறாவது பேர் முடிஞ்சதும் உங்க இடது கை ஒரு அங்குலம் முன்னால போய் வெறுங்காத்தைத் தொட்டுட்டுத் திரும்பி வந்துச்சு. அங்க யார் இருந்தாங்கன்னு கேக்கத்தான் வந்தேன். நகத்தை யாரு எடுத்துட்டுப் போனது?"

"பன்னிம்மா" என்றார் குந்தோ. குரல் இறங்கிவிட்டது. "பிரபு பட்டத்துக்கு வந்த வருஷம், குளிர்கால வேட்டை. எட்டு வருஷம் ஆச்சு."

"அதுக்கப்புறம் ஏழாவது பேரை எங்க வச்சீங்க?"

"விரலே இல்லாத இடத்துல பேரை எங்கம்மா வைக்கிறது? அடுத்த விருந்துல பெரென்கர் வர்றப்பவே கை தீர்ந்துபோச்சு. பிரபு முறைக்கிறாரு, எங்கப்பன் எங்கடான்னு. ஒருத்தரை நகர்த்தித்தானே ஆகணும்? ராட்போல்ட் யாரையும் வெட்டல, எதையும் கொளுத்தல. கொடி நட்டாரு, போய்ச் சேர்ந்தாரு. எல்லாரும் கொட்டாவி விடுற இடமே அதான். அவரை எடுத்துட்டேன்."

"யாரும் கேக்கலையா?"

"ஆளுக்கு நாலு கோப்பை உள்ள போனப்புறம்தாம்மா என்னைப் பாடவே கூப்பிடுவாங்க. அப்புறம் எனக்கே மறந்துபோச்சு. கை மறந்ததை வாய் எப்படிச் சொல்லும்?" திடீரென்று அவர் முகம் வெளுத்தது. "அம்மா! பொய்ச் சத்தியத்துக்கு வலது கையை வெட்டிருவாங்களே!"

"பன்னி ஆரம்பிச்சு வச்ச வேலையை முடிச்சு வைப்பாங்க, அவ்வளவுதான்" என்றேன்.

அம்மணி என்னைப் பார்த்த பார்வையில் கஞ்சி உறைந்திருக்கும்.

"உங்க கை உங்க தோள்லயே இருக்கும். அது என் பொறுப்பு. நண்பகலுக்குக் கூடத்துக்கு வந்துடுங்க" என்று எழுந்தார்.

அம்மணியின் கணவர் இருபது வருடம் இந்த வட்டாரத்தில் நீதிபதியாக இருந்தவர். மன்றத்தில் அவர் தூங்குவார், திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மணி தீர்ப்பை எழுதி அனுப்புவார். அவர் இறந்து ஆறு வருடம் ஆகியும் மக்கள் வழக்கோடு வருவது நிற்கவில்லை. நான்? மடத்தில் லத்தீன் படித்தேன். பிரார்த்தனையில் சிரித்ததற்காக மூன்று முறை மன்னித்தார்கள். நாலாவது முறை வாசலைக் காட்டினார்கள்.

கோவேறு கழுதைகள் ஆற்றை நோக்கி நடந்தன.

"இவர் மாத்திச் சொன்னா பிரபு விடமாட்டார் அம்மணி. கிழவன் உளறுறான்னு தள்ளிருவார். ராட்போல்ட் எழுத்துல வேணும்."

"கொடி நட்டவன் பழத்தை என்ன பண்ணியிருப்பான்?"

"குடிச்சிருப்பான்."

"தனியா ஒரு மலைச்சரிவையே குடிக்க முடியுமா? கூடக் குடிச்சது யாரு?"

யோசித்தேன். ஆற்றின் நடுவே, தீவில், கன்னியர் மடத்தின் மணிக்கூண்டு தெரிந்தது. என் முகத்தைப் பார்த்து அம்மணி தலையாட்டினார்.

கழுதைகளோடு படகில் தீவுக்குப் போய் இறங்கினோம். மடத்துத் தாயார் ஆவா கரையிலேயே நின்றார். புது பீப்பாய்களை மோந்து பார்த்து, பிடிக்காதவற்றை ஆற்றில் உருட்டிவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்தார்.

"கிஸ்லாவுக்கு அறை தயாரான்னு பார்க்க வந்தியா ஹெர்சிந்தா? பெருக்கி வச்சிருக்கேன். ஆனா நேத்து அவளை ஆத்தங்கரையில பார்த்தேன். பிள்ளையைக் கட்டிக்கிட்டு அந்த அழுகை. இங்க வந்து அப்படி அழுதா என் பொண்ணுங்கள்ல ஒருத்திகூட ஒழுங்கா சுருதி சேர மாட்டா."

"அதைத் தடுக்கத்தான் வந்தேன் தாயாரே. இறந்தவங்க புத்தகத்தைக் காட்டுங்க."

எந்தப் பெயருக்காக என்றுகூட அவர் கேட்கவில்லை. அதை அம்மணி கவனித்தார் என்பதை நான் கவனித்தேன்.

பலிபீடத்தின் பக்கத்தில் இருந்தது புத்தகம். கன்னியர் யார் யாருக்காக ஜெபிக்கிறார்களோ அவர்கள் பெயர்கள். ஒரு பத்தியில் உயிரோடிருப்பவர்கள், மறுபத்தியில் இறந்தவர்கள். அரை நாழிகை தேடினேன். எலி கடித்த ஒரு தாளில் கிடைத்தது.

"ஓட்கர், தன் தந்தை ராட்போல்டுக்காகவும் ராட்போல்டின் தந்தை லாண்டோவுக்காகவும் ஜெபிக்கும்படி வேண்டினான்" என்று படித்தேன். "அம்மணி, மாட்டிக்கிட்டார்! மணிக்கட்டுக்கும் இரண்டாம் கணுவுக்கும் நடுவுல, கச்சிதமா!"

"பக்கத்துல என்ன படம்?"

பெயரின் ஓரத்தில், கட்டைவிரல் நகமளவு, ஒரு திராட்சைக் குலை வரைந்திருந்தது.

"அழகுக்குப் போட்டது" என்றார் தாயார், கூரையைப் பார்த்தபடி.

"இந்தப் புத்தகத்துல ஆயிரம் பேராவது இருப்பாங்க. ஒருத்தருக்குத்தான் படம்" என்றார் அம்மணி. "ஏதோ ஒரு பத்திரத்தைச் சட்டுனு தேடி எடுக்கறதுக்கு யாரோ வச்ச அடையாளம் இது. அந்தப் பத்திரம் பெட்டியில இருக்கு. பெட்டிச் சாவி உங்க இடுப்புல இருக்கு."

தாயார் சிரிக்க ஆரம்பித்தார். உடம்பு முழுவதும் குலுங்கிய பிறகே சத்தம் வந்தது.

"அந்தப் பையனை வெளியே போகச் சொல்லு."

"எனக்கு முப்பத்தொண்ணு வயசு தாயாரே."

"அப்போ சீக்கிரம் நடப்பே. போ."

கழுதைகளோடு நின்றேன். இரு பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசும்போது வெளியே நிற்பது போல உடம்புக்குக் கெடுதி வேறில்லை. கதவு திறந்தபோது இருவர் முகத்திலும் ஒரே சிரிப்பு, ஒரே கடையில் வாங்கியது போல.

"என்ன பேசினீங்க?"

"அறுவடைக்கு முன்னாடி மழை வருமான்னு" என்றார் அம்மணி. தாயார் ஏற்கனவே படகில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

நண்பகல் மணி அடித்தபோது கூடத்தில் வாத்து வறுபடும் வாசனை. பிரபு தீர்ப்புக்குப் பிந்திய விருந்தையும் சேர்த்தே ஏற்பாடு செய்திருந்தார். ஆயரின் மூக்கு அடிக்கடி சமையலறைப் பக்கம் திரும்பியது. நீல மேலங்கியில் ரெய்னர் பிரபு பளபளத்தார். சட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொல்லி ரிச்சில்டா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கிஸ்லா மட்டும் நின்றாள். இடுப்பில் லாம்பர்ட், அவள் பின்னல் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

அம்மணி புத்தகத்தை ஆயர் முன் விரித்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். பன்றியையும் விடவில்லை.

பிரபு கடகடவென்று சிரித்தார். "யாரோ ராட்போல்ட்! ஊருக்கு நாலு ராட்போல்ட் இருப்பான். எங்க வம்சத்துல அப்படி ஒருத்தர் கிடையாது ஆயரே. எங்க வம்சம் எனக்குத் தெரியாதா?"

"நிச்சயமா?" என்றார் அம்மணி.

"நிச்சயமா!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பிரபு."

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? அவன் என் மூதாதையே இல்லை!"

"ரொம்ப நல்லது" என்றபடி மடத்துத் தாயார் எழுந்தார். மடியிலிருந்து மடித்த தோல் பத்திரத்தை எடுத்து ஆயரிடம் நீட்டினார். "கல்சரிவுத் திராட்சைத் தோட்டம். ராட்போல்ட் அதை எங்க மடத்துக்கு எழுதி வச்சுட்டார். அவர் வாரிசுங்க ஆண்டு அனுபவிக்கட்டும்னு மடம் அவங்களுக்கே திருப்பி விட்டுக்கொடுத்திருக்கு. வாரிசுங்களுக்கு மட்டும். பிரபு வாரிசு இல்லைன்னு இப்போ அவர் வாயாலயே சொல்லிட்டார். இன்னிக்கே ஆள் அனுப்பிக் கதவைப் பூட்டிக்கறேன்."

கூடத்தில் ஒரு சலசலப்பு. கல்சரிவு ஒயின் இல்லாத ரெய்னர் பிரபுவை யார் மதிப்பார்கள்? அவர் வீட்டுக்கு அரசர் வந்து தங்குவதே அந்த ஒயினுக்காகத்தான்.

பிரபு ரிச்சில்டாவைப் பார்த்தார். ஜன்னல் வழியே மலைச்சரிவைப் பார்த்தார். மறுபடி ரிச்சில்டாவைப் பார்த்தார். உப்பும் திராட்சையும் அவர் முகத்தில் மல்லுக்கட்டியதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

"ராட்போல்டா?" என்றார் மெல்ல. "திராட்சை நட்ட ராட்போல்டா? அடடா! அவர் எங்க பூட்டனோட அப்பா ஆச்சே! நீங்க வேற யாரையோ சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"சத்தியமா?" என்றார் ஆயர்.

வேதப் புத்தகம் நீட்டப்பட்டது. பிரபு கை வைத்தார். "சத்தியமா."

"அப்படின்னா நீர் எட்டாவது. நகத்துக்கு வெளியே" என்றார் ஆயர். "கல்யாணம் செல்லும். பிள்ளை வாரிசு. அந்தப் பாடுகிறவன் எங்கே? பொய்ச் சத்தியத்துக்கு என்ன சொல்றான்?"

குந்தோவைப் பின்னாலிருந்து நான்தான் தள்ளி முன்னால் கொண்டுவந்தேன்.

"அவர் கையில இருந்ததை அவர் சரியாத்தான் சொன்னார்" என்றார் அம்மணி. "ஒரு பேரைத் திருடினது பன்னி. தண்டனை அதுக்குத்தான்."

"பன்னி எங்கே?"

"எட்டு வருஷத்துக்கு முன்னாடியே பிரபு வீட்டு விருந்துல வறுத்துச் சாப்பிட்டாச்சு ஆயரே. நீங்களும் வந்திருந்தீங்க."

ஆயர் தன் வயிற்றைச் சந்தேகத்தோடு தொட்டுப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், குந்தோவைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.

ரிச்சில்டா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனாள். பிரபு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "போனா போகட்டும். தோட்டமாவது தங்குச்சே" என்று முணுமுணுத்துக்கொண்டு மேலங்கியை உதறினார்.

"பத்திரத்துல கடைசி வரியை இன்னும் யாரும் படிக்கலையே" என்றார் தாயார். "ஃபுல்கோ, உனக்குத்தான் நல்ல குரல். படி."

வாங்கிப் படித்தேன். படிக்கப் படிக்க, கதவுக்கு வெளியே எனக்குக் கிடைக்காமல் போனது என்னவென்று புரிந்தது.

"ஆண்டுதோறும் என் இறந்தநாளில் என் வாரிசு தன் விருந்து மேசையில் என் பெயரை உரக்கச் சொல்லிவரும் வரை தோட்டம் அவனுடையது. ஒரு வருடம் விட்டால் மன்னிக்கலாம். மூன்று வருடம் விட்டால் தோட்டம் மடத்துக்கே."

"எட்டு வருஷம்" என்றார் தாயார். "அவர் என் மூதாதைதான்னு பிரபுவே சத்தியம் பண்ணிட்டார். அவர் பேரை எட்டு வருஷமா யாரும் சொல்லலைன்னு ஹெர்சிந்தா கூடத்துக்கே சொல்லிட்டா, குந்தோவும் மறுக்கலை. இனி எனக்குச் சாட்சியே தேவையில்லை."

பிரபுவுக்கு ஓட்கர் விழுங்கிய மீன்முள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது முகம்.

"ஆனா என் பொண்ணுங்களுக்குப் பாடத்தான் தெரியும், கொடி வெட்டத் தெரியாது" என்று தாயார் தொடர்ந்தார். "அதனால தோட்டத்தையும் அங்க இருக்கற வீட்டையும் கிஸ்லாவுக்கு விடறேன். அவ காலத்துக்கும், அவளுக்கப்புறம் லாம்பர்ட் காலத்துக்கும். பத்துக்கு ஒரு பீப்பாய் மடத்துக்கு. நல்ல பீப்பாயா பார்த்து."

மோந்து பார்த்துத்தான் வாங்குவார் என்று எனக்குத் தெரியும்.

கிஸ்லா பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். பிறகு அம்மணியைப் பார்த்துத் தலையை மிக லேசாகச் சாய்த்தாள். கண் மட்டும் நிறைந்திருந்தது.

வெளியே வந்தபோது, மலைச்சரிவுக்குப் போகும் மாட்டு வண்டியில் அறுவடைக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கிஸ்லா பிள்ளையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிவந்தார் ரெய்னர் பிரபு.

"கிஸ்லா! எங்க கிளம்பிட்டே? வா கண்ணு, வீட்டுக்குப் போகலாம். நமக்குள்ள என்ன இருக்கு? ஆயரே சொல்லிட்டார், நம்ம கல்யாணம் செல்லும்னு!"

"நானும் கேட்டேங்க" என்றாள் கிஸ்லா. "அதனாலதான் என் வீட்டுல உங்களுக்கும் இடம் இருக்கு. ஒரே வேலைதான். மேல ஏழு வரிசை பழுத்துக் கிடக்கு, பறிக்க ஆள் போதலை."

"நானா? கூடை தூக்கவா?"

"வேண்டாம்னா விட்டுடுங்க. உப்புக் கிணத்துக்காரி இப்பதான் கிளம்பினா. ஓடினா பிடிச்சிடலாம்."

வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான். சக்கரம் உருண்டது. ரிச்சில்டா போன மேற்குப் பக்கம் பிரபு பார்த்தார். பாதையில் புழுதிகூட அடங்கிவிட்டிருந்தது. மேலே பார்த்தார். கல்சரிவு வெயிலில் மினுங்கியது.

நீல மேலங்கியைக் கழற்றி என் கையில் திணித்தார். கடைசிக் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தார். வண்டியின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு பின்பக்கம் பார்த்த லாம்பர்ட், அப்பாவின் தலையில் கூடையைக் கண்டதும் கைதட்டிச் சிரித்தான்.